வாயில் கட்டிய துணியும் அய்யாவின் கண்ணாடியும்

அன்புக்கொடி மக்களே, நான் தைரியசாலி இல்லை. பயந்து நடுங்கியவன்தான் பேசுகிறேன். நாம் கும்பிடும் அய்யா என் குடும்பத்தைக் காத்த விதத்தைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த காலம். நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தேன். நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வது, விளக்கைக் காட்டுவது, எச்சில் கிண்ணத்தைக் கழுவுவது, இதுதான் வேலை. அந்த மார்கழியில் ஊரெங்கும் விஷக்காய்ச்சல். அதற்காகப் பல்வலி சும்மா இருக்குமா? இருமிக்கொண்டே வந்து நாற்காலியில் வாயைத் திறப்பார்கள். அந்த மூச்சு முழுக்க என் முகத்தில்தான்.

என்னோடு வேலை பார்த்த தாசையன் ஒருநாள் தும்மினான். மறுநாள் வரவில்லை. சளி நெஞ்சில் இறங்கி, சில நாளில் போய்விட்டான். மயிலாடியில் கல் சுமந்து வளர்ந்த உடம்பு அவனுக்கு. அந்த உடம்பையே சாய்த்துவிட்டது.

எனக்கோ இரண்டு கரு கலைந்த பிறகு பிறந்த மகள் வீட்டில். இன்னும் தலை நிற்கவில்லை. குளித்த பிறகும் அவளைத் தூக்கப் பயம். என் மூச்சே அவளுக்கு எமனாகிவிடுமோ என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன். வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

டாக்டர் வெந்நீரில் அவித்த துணி ஒன்றைத் தந்தார். "இது மூச்சுக் காத்துல பரவுற காய்ச்சல். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கோ. நானும் கட்டுறேன்" என்றார்.

வீட்டில் சொன்னதும் அப்பா கொதித்துப் போனார். "நம்ம தாத்தாமாரு கண்டவன் முன்னால வாய்பொத்தி நின்னது போதாதாலே? நிமிந்து நிக்கணும், தலையில துண்டு கெட்டுங்கன்னு சொன்னாரு அய்யா. நீ வாயில கெட்டிக்கிட்டு நிப்பியா? அப்பிடி நின்னா என் முகத்துல முழிக்காத."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. துணியை மடியில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். கட்டவில்லை. யாராவது இருமினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலான நிழல்தாங்கலுக்குப் போனேன். அங்கே பணிவிடை செய்பவர் அப்பாதான். தலைப்பாகையோடு பள்ளியறை முன் நின்று அழுதேன். "அய்யா, அப்பாவையும் விட முடியாது, பிள்ளையையும் விட முடியாது. ஒரு வழி காட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். உள்ளே, சிலைக்குப் பதிலாக அய்யாவாக நாம் கும்பிடும் கண்ணாடியை அப்பா துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சுப் பட்டு மங்கக் கூடாதென்று தோள்துண்டால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டியிருந்தார். வருடக்கணக்காக அவர் செய்வதுதான். அன்றுதான் என் கண்ணில் பட்டது. நான் பார்ப்பதை அவர் கண்ணாடியில் பார்த்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

வெளியே வந்து தோள்துண்டை அவிழ்த்தார். பிறகு, "மக்கா, அய்யா முன்னாலயே கெட்டியாச்சு. ஆளு முன்னால கெட்டுனா என்ன குறைச்சல்? கெட்டிக்கோ. பிள்ளையப் பாரு" என்றார்.

மறுநாள் முதல் டாக்டரும் நானும் கட்டினோம். ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். இருமுகிறவர்களை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தோம். சாயங்காலம் துணிகளை அவித்துக் காயப்போட்டோம். பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் உள்ளுக்குள் "அய்யா, அய்யா" என்றுதான் ஓடும்.

மாசியில் காய்ச்சல் அடங்கியது. எங்கள் இருவரையும் அது தொடவே இல்லை. அன்று மகளைத் தூக்கி, முகத்தோடு முகம் வைத்து ஓவென்று அழுதேன்.

பிற்பாடு அப்பாவுக்கே கடைவாய்ப்பல் வலி. அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீங்கிய கன்னத்தோடு அதட்டினார். "ஏலே, மூக்குக்கு மேல ஏத்திக் கெட்டு."

மக்களே, பயத்தோடுதான் கேட்டேன். அய்யா தந்தார். உங்களுக்கும் பயம் இருந்தால் அது தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அதையும் தூக்கிக்கொண்டே தாங்கலுக்கு வாருங்கள். வாசலில் ஒரு சிறு பெண் ஓடிவந்து உங்கள் கையைப் பிடிப்பாள். அவள்தான் என் மகள்.