தயாளன் வண்டி ஸ்பீக்கரில் நாங்கள் கேட்டது

தயாளன் இறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், ஏரிக்கரை வளைவில். நேற்று எடுத்தாச்சு.

எங்கள் கம்பெனியில் அவன் குவாலிட்டி செக்‌ஷன், நான் ஸ்டோர்ஸ். உத்திரமேரூரில் இருந்து ஒரகடம் வரை தினமும் அவன் வண்டியில்தான்... நான் முன்சீட்டு, அக்கவுண்ட்ஸ் மேரியும் வெல்டிங் குமரேசனும் பின்னால்.

என்னை விடச் சின்னவன். அக்கா அக்கா என்று அவன் கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

வண்டி, டர்போ இன்ஜின் வைத்த ஹேட்ச்பேக் கார். ஷோரூமில் இருந்து வந்தபடியே ஓட்டினால் அவனுக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு பார்ட்டாக வெளியில் வாங்கி மாற்றிக்கொண்டே இருப்பான். காற்று இழுக்கிற இன்டேக், அப்புறம் அந்தக் காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலர், அப்புறம் புகை போகிற டவுன்பைப். எது எதற்கு என்று வாலாஜாபாத் வரைக்கும் கிளாஸ் எடுப்பான். எனக்கு ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடவே வராது!

இன்டேக் மாட்டிய மறுநாள் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுக்கும்போதெல்லாம் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். "இன்னா தயா, உள்ள குக்கர் வெச்சிக்கினு கீறியா?" என்று கேட்டுவிட்டேன். ரோஷம் வந்துவிட்டது. சாயந்திரம் டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் பேசினான்.

எந்த பார்ட் வந்தாலும் அம்மன் கோயிலில் வைத்துப் பூஜை போட்டுத்தான் மாட்டுவான். டவுன்பைப்புக்குக் குங்குமம் வைக்கும்போது பூசாரி, "வண்டிக்கு பூஜ போட்டுக்கீறேன், ஏர் கலப்பைக்கு போட்டுக்கீறேன்... இந்த கொயாய்க்கு இன்னா மந்திரம் சொல்றது நைனா?" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி அவனே சிரிப்பான்.

நாள் நட்சத்திரம் பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டான். அதில்தான் எல்லாம் கெட்டது.

ஆனி கடைசியில் ரீமேப் செய்தான். இன்ஜின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றி இன்னும் பவர் ஏற்றுவது. செய்து கொடுத்த கடைக்காரரே பிரேக்கையும் சேர்த்து மாற்று, இல்லையென்றால் பொறு என்றாராம். ஆர்டர் போட்ட பிரேக் செட் வந்து சேரவில்லை. இவனுக்குப் பொறுமை இல்லை.

"ஆடி பொறந்துட்டா ஒண்ணும் மாட்ட முடியாதுக்கா. அதான் பவர ஏத்திக்கினு வந்துட்டேன்."

லைனில் ஒரு போல்ட் சரியாக முறுக்காமல் இருந்தால் யார் கத்தினாலும் பாஸ் போடாத ஆள். சொந்த வண்டிக்கு மட்டும் பாஸ் போட்டுக்கொண்டான்.

பிரேக் செட் ஆடி பிறந்த பிறகு வந்தது. பிரிக்காத பெட்டியோடு வீட்டில் இருந்தது. ஆவணி பிறக்கட்டும், மாட்டலாம் என்று அவன் மனைவி சுகந்தி சொன்னது உண்மை. இப்போது எல்லோரும் சொல்வது இதை மட்டும்தான்.

மீதியை நான் சொல்கிறேன். ஏனென்றால் நான் கேட்டேன்.

போன வாரம் வேலைக்குப் போகும்போது சுகந்தியிடம் இருந்து போன். அவன் போன் வண்டியின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. நாங்கள் இருப்பது தெரியாமல் அந்தப் பெண் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள்.

"இன்னா மாமா, திரும்பவும் வண்டிய எடுத்துக்கினு போயிட்டியா? பிரேக்கு மாட்ற வரிக்கும் பஸ்ஸுல போன்னு எத்தினி வாட்டி சொல்றது? சாவிய ஒளிச்சி வெச்சாலும் தேடி எட்த்துக்கினு போற!"

"சரி தாயே. நாளைக்கு பஸ்ஸு." கட் செய்துவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். நாங்களும் சிரித்தோம். மறுநாள் அதே வண்டி... அதே உஸ்ஸ்.

ஞாயிறு அவன் அக்கா ஊரில் கூழ் ஊற்றினார்கள். போய்விட்டுத் திரும்பி வரும்போது வயலில் இருந்து ஒரு டிராக்டர் ரோட்டுக்கு ஏறியிருக்கிறது. பிரேக் பிடித்திருக்கிறான். தடம் நீளமாக இருக்கிறது, குமரேசன் போய்ப் பார்த்துவிட்டு வந்து அழுதான்.

புது பிரேக் இருந்திருந்தால் நின்றிருக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிற எல்லோரையும் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

சாவு வீட்டில் அவன் அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "வாங்கி வெச்ச பிரேக்க மாட்ட வுடாம ஆடி ஆடின்னு என் தம்பிய கொன்னுட்டாளே!" கூழ் குடிக்க வந்த தம்பி. அவர் வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பி சுகந்தியைப் பார்த்தார்கள். இப்போது ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலும் அதே பேச்சு.

சுகந்தியை நான் பின்பக்கம் கூட்டிப் போய்க் கேட்டேன். "நீ சொன்னத சொல்லேம்மா. பஸ்ஸுல போன்னு சொன்னல்ல?"

"சொன்னா அவர் மேல குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்க்கா. என்னால முடியாது."

"நான் சொல்லட்டா?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அதனால் எழுதுகிறேன். அந்த போன் பேச்சை மேரியும் குமரேசனும் கேட்டார்கள், யார் வேண்டுமானாலும் அவர்களிடம் விசாரித்துக்கொள்ளலாம். அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

தயா... தப்பு உன்னுதுதாம்பா. செத்த மூணாம் நாளே ஊருக்கு முன்னால சொல்றேன், கோச்சிக்காத. அவளால சொல்ல முடியலியாம், உன் மேல அவ்ளோ ஆசை.

நல்லபடியா போப்பா.