ஜெஞ்சாரோமில் பன்னிரண்டாவது சாட்சி

போன மே மாதம், பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் மலேசியா போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. கிள்ளானுக்குத் தெற்கே, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் பெண்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் ஊழியத்துக்கு. எங்கள் நாகர்கோவில் சபையில் ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான்தான். "ஒன் இங்கிலீஷ் ஒம்பதாங்கிளாஸ் பிள்ளைகளுக்கே புரியல, கடல் தாண்டிப் போறியாக்கும்" என்றார் வீட்டுக்காரர். ஆண்டவர் அழைத்தார் என்று சபையில் சொல்லிவைத்தேன். அது பாதிதான் உண்மை. மீதியைப் பின்னால் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் நான்கு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குப் பேருந்தில் பதினைந்து ரிங்கிட், ஒரு மணி நேரம். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பத்து நிமிட நடை. என்னை அழைத்திருந்த சபை அங்கேதான். அதன் மூப்பர் டேனியல் அங்கிள் நம்மூர் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து, பாடம் எப்படி நடக்க வேண்டும் என்று விளக்கினார். தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை வகுப்பு. முடிவில் ஜெபம். கடைசி நாள் யாராவது மூன்று பேர், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை ஆங்கிலத்தில் சாட்சியாகச் சொல்வதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் சபை அடுத்த ஆசிரியரை அனுப்புமாம்.

மறுநாள் கிள்ளானுக்கு ரயில், ஒரு மணி பத்து நிமிடம். பிறகு பந்திங் பேருந்தில் ஜெஞ்சாரோம், முக்கால் மணி நேரம். தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவள் நான், இருந்தும் வாயைப் பிளந்துவிட்டேன். சாலைக்கு இரண்டு பக்கமும் செம்பனை, கண் எட்டும் வரை செம்பனை. அத்தனை பச்சைக்கு நடுவே ஒரு பொதுமண்டபம், அதன் வாசலில் ஒன்பது மோட்டார் சைக்கிள்கள். பதினொரு பெண்கள் வேலை முடித்து, குளித்து, பவுடர் பூசி எனக்காகக் காத்திருந்தார்கள்.

அவர்களில் லெட்சுமிதான் எனக்கு முதலில் பழக்கமானாள். வயது நாற்பத்தொன்று. தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறாள். கணவர் இல்லை, இரண்டு மகள்கள். தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றுவிட்டார்கள், ஆண்டு முடிவதற்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவர்களுக்கு மேற்பார்வையாளர் வேலை, தங்குமிடத்தோடு; அதற்கு மனுப் போட்டிருந்தாள். இரண்டாம் வாரம் வியாழக்கிழமை நேர்முகம், அதுவும் ஆங்கிலத்தில். முன்பு ஒருமுறை இப்படிப் போய் உட்கார்ந்து, பெயரைக்கூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாளாம். பழம் ஏற்றும் லோரிக்காரனிடம் மலாயில் சண்டை போடுவாள், கடைக்காரச் சீனரிடம் ஹொக்கியனில் விலை குறைப்பாள், கூட வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர்களை வங்காளத்தில் வேலை வாங்குவாள். அப்படிப்பட்டவள் ஆங்கிலத்துக்குப் பயந்தாள்.

பாடப்புத்தகம் முதல் வாரத்திலேயே தோற்றுப்போனது. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். சபைகளில் சாட்சி சொல்லும்போது ஒரு வரிசை உண்டு: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். அதே வரிசையில் ஆளுக்கொரு கதையை ஆங்கிலத்தில் எழுந்து நின்று சொல்லச் சொன்னேன். அவ்வளவுதான், மண்டபம் களைகட்டிவிட்டது. பாம்பு கடித்த கதை, ஓடிப்போய்க் கல்யாணம் செய்த கதை, கங்காணியைத் தண்ணீரில் தள்ளிய கதை. லெட்சுமி கணவர் இறந்த மறுவாரம் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னாள். இலக்கணம் நொண்டியது, நான் திருத்தவில்லை. உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை அவளோடு நானும் போனேன். ஹோட்டல் வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன், என் மகளைப் பிரசவ அறைக்குள் அனுப்பியபோதுகூட அப்படி வியர்க்கவில்லை. வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒங்களப் பத்திச் சொல்லுங்கன்னாங்க டீச்சர். நான் மோட்டர் கதைய முழுசாச் சொல்லிட்டேன். அவங்கதான் போதும்னு நிறுத்துனாங்க லா."

முடிவைப் பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் கடைசி வகுப்பு. கைப்பேசியை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். முதலில் லெட்சுமி வந்து நின்றாள், உடனே என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"டீச்சர், கடைசில ஏசப்பா பேரச் சேக்கணுமா? ஒங்க சபைல கேப்பாங்கதானே. நான் சேத்துச் சொல்றேன், எனக்கு ஒன்னும் இல்ல. நீங்க இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க."

மாரியம்மன் குங்குமம் வைத்த நெற்றி. கேலி இல்லை, பயமும் இல்லை. விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி போடுவது போல எனக்காக ஒரு பொய் சொல்ல வந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கைப்பேசியை எடுத்துப் பைக்குள் போட்டேன். வேண்டாம், நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்றேன்.

"அப்படின்னா நீங்க சொல்லுங்க டீச்சர். தினம் எங்கள நிக்க வைக்கிறீங்க, ஒங்களோடத ஒரு நாளும் சொல்லலியே."

எழுந்து நின்றேன். இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறவளுக்கு ஒரு வாக்கியம் சேரவில்லை. முன்பு எனக்கு ஒரு தம்பி இருந்தான். இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டான். இப்போது ஒரு வருடமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை, உதடு மட்டும் அசைகிறது. எங்கள் சபையில் அவன் உட்கார்ந்த பெஞ்சைப் பார்க்காமல் இருக்கத்தான் இங்கே வந்தேன். இதை நான் என் போதகரிடம்கூடச் சொன்னதில்லை.

ஏழு மணி, ஜெப நேரம். நான் ஆரம்பிக்கவில்லை. லெட்சுமி கண்ணை மூடிக் கைகூப்பினாள், மற்ற பத்துப் பேரும் அப்படியே செய்தார்கள்.

"காட், டீச்சர் இஸ் டயர்ட். ப்ளீஸ் லுக் ஆஃப்டர் ஹெர். ஆமென்."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சுற்றுலாவாக நுழைந்து பாடம் நடத்தாதீர்கள். அழைக்கும் சபை முன்கூட்டியே அனுமதி வாங்கித் தர வேண்டும். மாலை மழைக்குக் குடையும் மண்டபத்துக்குக் கொசுவர்த்தியும் அவசியம். ஏழு மணிக்கு மேல் ஜெஞ்சாரோமிலிருந்து பேருந்தை நம்பாதீர்கள், மாணவிகளின் மோட்டார் சைக்கிளே உத்தமம். படம் இல்லாமல் போனதற்கு டேனியல் அங்கிள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு, அடுத்த ஆசிரியரை அனுப்பச் சொல்லித் தானே சபையில் பேசுவதாகச் சொன்னார். லெட்சுமி ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சபையில் தம்பி உட்கார்ந்த பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். எனக்கென்று ஒரு சொல்லும் வரவில்லை. லெட்சுமியின் ஆங்கிலம் வந்தது, அதையே சொன்னேன்.