ஏலக்காரரின் தாடை

ஓரெஸ்ட் ஹிரிட்சாக்கின் வீட்டில் அடுப்பு எரிந்தது அவருடைய தாடையை நம்பித்தான். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் கன்று ஏலம் விடுபவர் அவர். மூச்சு விடாமல் விலை கூவுவார். சொற்கள் ஆலங்கட்டி மழைபோல் விழும். எலும்புக்குள் படுத்துக் கிடந்த ஞானப்பல்லை எடுத்துவிடும்படி இளம் வயதிலேயே சொன்னார்கள். "இந்த வருஷ ஏலம் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டே ஐம்பதைத் தாண்டினார். பிறகு அது சீழ் பிடித்தது.

இலையுதிர்கால ஏலத்துக்கு முன்பே பல்லை எடுத்துவிட்டார்கள். அதுதான் ஆண்டின் பெரிய ஏலம்.

"எடுத்த இடத்துல இப்ப குழிதான் இருக்கு" என்றார் மருத்துவர். "வலி போயிடும், எலும்பு கூடியிருக்காது. ஆறு வாரம் கெட்டியா எதையும் கடிச்சிடாதீங்க. தாடையே முறிஞ்சிரும்."

"பேசலாமா?"

"தாராளமா."

அவருக்கு அது போதும். மசித்த உருளைக்கிழங்கு, சூப்பு, மறுபடி மசித்த உருளைக்கிழங்கு.

"பல்லு முளைக்காத குழந்தைகூட இதைத் துப்பிடும், வெர்னா."

"நீயும் துப்பு. தொடைக்கத்தான் நான் இருக்கேனே" என்றாள் மனைவி.

ஆறு வாரம் ஆகும் முன்பே வலி போயே போய்விட்டது. மேய்ச்சல் நிலத்துக்கு வண்டி ஓட்டும்போது, ஊரில் எல்லோரையும்போல், ஒரு பிடி சூரியகாந்தி விதையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். கடைவாயில் உடைப்பது, தோலைக் காகிதக் கோப்பையில் துப்புவது. அதைச் சாப்பாட்டில் சேர்ப்பவர் அங்கே யாரும் இல்லை. அவரும் சேர்க்கவில்லை. காதருகே சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம்.

வெர்னா அந்தக் கோப்பையைப் பார்த்தாள். "விதையா? இவ்வளவு நாள் பட்டினி கிடந்தது இதுக்குத்தானா?"

முறிந்த தாடை அசையாதிருக்க, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள்.

ஏல நாளில் அவர் இடத்தில் பக்கத்து ஊர் டெல்பர்ட் நின்றான். கூவினானா, கொட்டாவி விட்டானா, தெரியவில்லை. ஓரெஸ்ட் மேடைக்குக் கீழே, கணக்கெழுதும் வெர்னாவின் பக்கத்தில் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல கொழுத்த கன்றுகள் வந்தன. கையசைத்தாலும் தலையசைத்தாலும் அங்கே ஏலம் கேட்டதாகத்தான் கணக்கு. மூலையில் ஒருவர் தொப்பியைத் தொட்டு ஏலம் கேட்டார், டெல்பர்ட் கவனிக்கவில்லை. ஓரெஸ்டுக்குப் பொறுக்கவில்லை. பலகையில் ஓங்கி அறைந்து, மூலையைக் காட்டக் கையைத் தூக்கினார். "ம்ம்ம்!"

"அட, நம்ம ஓரெஸ்ட்!" டெல்பர்டின் சுத்தியல் விழுந்தது. "வித்தாச்சு! கன்னுக்குட்டி எல்லாம் உனக்குத்தான்யா!"

கொட்டகையே சிரித்தது. ஓரெஸ்ட் வாய் திறக்க முடியாமல், இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

வெர்னா அவர் பெயரை எழுதிக்கொண்டே சொன்னாள்:

"ஆட்டாத. அடுத்த மந்தை வருது, அதையும் உன் தலையில கட்டிருவான்."