பெரியம்மாவின் இடுப்பு மணி

என் பெரியம்மா கிளீபாவின் இடுப்பில் ஒரு சின்ன வெள்ளி மணி தொங்கும். எங்கள் நவஹோ ஜனங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். மணிச்சத்தம் கேட்டதும் மருமகன் ஒதுங்கிப் போவார். மரியாதை அதுதான்.

அமெரிக்கப் பட்டாளம் எங்களைச் சொந்த மண்ணிலிருந்து நடத்திக் கூட்டிவந்து, பெக்கோஸ் ஆற்றங்கரைக் கோட்டையில் அடைத்தது. வழியில் அந்த மணி அறுந்து தொலைந்துபோனது.

ஒரு நாள் உத்தரவு வந்தது. எல்லோரும் பெரிய பட்டிக்குள் வர வேண்டும். தலை எண்ணித் தகரச் சீட்டு கொடுப்பார்களாம். சீட்டு இல்லையென்றால் மாவு கிடையாது.

பெரியம்மா விடியலில் எங்கள் வழக்கப்படி சோள மகரந்தம் தூவி வேண்டிக்கொண்டாள். பிறகு மகள் ஹாஸ்பாவிடம் கேட்டாள்.

"ஹாஸ்பா, உன் புருஷன் எந்தப் பக்கம் நிப்பாரு?"

"அந்தக் கூட்டத்துல எனக்கென்னம்மா தெரியும்? கம்பளிய முகத்துல போட்டுக்கிட்டு என் கையப் பிடிச்சுக்க."

"கண்ணு தெரியாம யார் மேலயாவது முட்டிக்குவேன்டி."

"முட்டினா முட்டு. பாத்துடாத, அவ்வளவுதான்."

வாசலில் நின்ற பட்டாளத்தானுக்குச் சந்தேகம். முகத்தை மூடிக்கொண்டு இரண்டாம் தடவை சீட்டு வாங்க வருகிறாளோ என்று கம்பளியைப் பிடுங்கிவிட்டான். பெரியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவன் பேச்சை எங்களுக்குச் சொல்கிறவன், "கண்ணைத் திற, இல்லாட்டி வெளியே போ" என்று அதட்டினான்.

சீட்டு வாங்கிக்கொண்டு எதிரே நின்றவர் மருமகன் பிலீலானிதான். அவர் சட்டென்று சேற்றில் குப்புற விழுந்தார்.

"ஹாஸ்பா, நான் கவுந்துட்டேன். உங்கம்மாவக் கண்ணத் தொறக்கச் சொல்லு."

பெரியம்மா கண்ணைத் திறந்தாள். பட்டாளத்தானின் பித்தளைப் பொத்தான்களைத்தான் பார்த்தாள். சீட்டு கைக்கு வந்தது. பக்கத்தில் உதைக்கிற சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கலாட்டா பண்ணினான் என்று பிலீலானியை இழுத்துக்கொண்டு போய்க் காவலில் வைத்தார்கள்.

அதற்கப்புறம் அந்த மாவில் சுட்ட ரொட்டியைப் பிட்டுவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். "என்னாலதானேடி போனாரு" என்பாள். போய்ப் பார்க்கவும் வழியில்லை.

ஒரு மத்தியானம் குடிசைக்கு வெளியே தகரம் கிணுகிணுத்தது. ஹாஸ்பா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அம்மா, திரும்பிக்க. கால்ல தகரத்தக் கட்டிக்கிட்டு ஆட்டுக்கிடா மாதிரி வர்றாரு."

பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஒரு கிணு கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"ரொம்ப நொண்டுறாராடி?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கொஞ்சந்தாம்மா."

அந்தச் சத்தம் அப்படிச் சொல்லவில்லை. பெரியம்மா கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, அடுத்த கிணுவுக்காகக் காத்திருந்தாள்.