போர்வையில் ஒரு சட்டைப் பை

போர்வைக்கு எதற்குப் பை என்று கேட்கிறாய். உனக்கு எதற்கு அந்தக் கதை? குளிர்கிறது என்றாய், போர்வை தந்தேன். போர்த்துக்கொண்டு படுக்காமல் பைக்குள் விரலை விட்டு நோண்டுகிறாய். உன் அம்மாவும் இப்படித்தான், ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்ததைக் கேட்பாள். இருபதில் எனக்குக் கல்யாணம், அவளுக்கும் அதே அவசரம். அதனால்தான் தலை நரைக்கும் முன்பே பேத்தி வந்து என்னை விசாரிக்கிறாள். சரி, கேள். பயந்தால் என்னைக் குறை சொல்லாதே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பலெர்மோவுக்கு வந்த முதல் குளிர்காலம். எனக்கு ஒன்பது வயது. சீசா என்ற பகுதியில், நாலாம் மாடியில் ஒற்றை அறை. இத்தாலியில் நல்ல வெயில் என்று சொல்லித்தான் அப்பா எங்களைக் கூப்பிட்டிருந்தார். வெயில் தெருவோடு நின்றுவிட்டது. உள்ளே சுவர் ஈரம், தரை ஐஸ்.

அம்மா நகர நடுவில், பொலிதேயாமா பக்கம், ஒரு இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் வேலை செய்தார்; சினியோரா என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சினியோராவின் கணவர் அப்போதுதான் இறந்திருந்தார். அவருடைய சட்டைகளை எல்லாம் சினியோரா மூட்டையாகக் கட்டி, உன் புருஷனுக்குக் கொடு என்று அம்மாவிடம் தந்துவிட்டார். செத்தவர் உடுப்பை அப்பா விரலாலும் தொடமாட்டார். தொட்டாலும் பயனில்லை. அந்த மனிதர் பனை உயரம், அப்பா அவருடைய வயிற்றளவு. அம்மா கத்தரிக்கோலை எடுத்தார்.

"செத்த ஆளின்ரை உடுப்பை வீட்டுக்கை வைச்சிருக்கக் கூடாதெல்லே அம்மா?"

"உடுப்பைத்தான் வைச்சிருக்கக் கூடாது. வெட்டினால் அது துணி."

அம்மா சாண் சாணாக வெட்டித் தந்தார். நான் கட்டம் கட்டமாகச் சேர்த்துப் போர்வையாகத் தைத்தேன். பாஷை விளங்காத பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட ஊசியோடு இருந்ததுதான் அதிகம். பைகளைப் பிரித்து எடுத்துவிடு என்று அம்மா சொல்லியிருந்தார். ஒரு நீலச் சட்டையின் பையை மட்டும் என்னால் பிரிக்க முடியவில்லை. கையை வைத்தால் அந்த மனிதர் உள்ளேயிருந்து விரலைப் பிடித்துவிடுவார் என்று பயம். பொத்தானைப் பூட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையோடேயே தைத்துவிட்டேன்.

இது சினியோராவுக்குத் தெரியாது. அவர் கேட்கும்போதெல்லாம், சட்டைகள் அளவாக இருக்கின்றன, அப்பா போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார் என்று அம்மா சொல்லி வந்தார். இந்த நாட்டில் நாங்கள் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ முடியப்போகிற நேரம். சினியோரா கையெழுத்து வைத்தால்தான் புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் ஊர்தான், அங்கே போரும் செல்லடியும்தான் என்று அப்பா நாளும் பொழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம். அம்மா காய்ச்சலில் கிடந்தார். அப்பா மொண்டெல்லோவில் பாத்திரம் கழுவப் போயிருந்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு மாமி என்று நினைத்துத் திறந்தேன். கறுப்பு உடுப்பில் சினியோரா நின்றார், கையில் தோடம்பழங்கள்.

போர்வை அம்மாவின் மேலே கிடந்தது. ஓடிப்போய்க் கொடியிலிருந்த சேலையை இழுத்து அதன்மேல் விரித்தேன்.

"என்னடி செய்யிறாய்?"

"சினியோரா வந்திட்டா அம்மா."

அம்மா உடனே கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல் அதற்கு வசதியாக இருந்தது.

சினியோரா கட்டில் ஓரத்தில் அமர்ந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். போர்வையை நன்றாக இழுத்து மூடிவிடலாம் என்று சேலையை விலக்கினார். கை அப்படியே நின்றது. கோடு போட்டது, கோப்பி நிறம், நீலம். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நீலத்தில் விரல் பையைக் கண்டுபிடித்தது. பொத்தானைக் கழற்றி, முழுக் கையையும் உள்ளே விட்டு, அப்படியே இருந்தார். நான் சூட்கேஸை எங்கே வைத்தோம் என்று யோசித்தேன்.

"இதை யார் தைத்தது?" என்று இத்தாலியனில் கேட்டார்.

அம்மா கண்ணைத் திறக்காமலே என்னைக் கையால் காட்டினார். காய்ச்சலிலும் கெட்டிக்காரி.

"சூடாக இருக்கிறதா?"

அம்மாவுக்கு இத்தாலியன் மறந்துபோய்விட்டது. "ஓம்" என்றார்.

சினியோரா தலையாட்டினார். "அவருக்கும் குளிர் ஒத்துக்கொள்ளாது" என்றார். உயிரோடு இருக்கிறவரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அவரும் பின்னால் மாடியேறி வந்துவிட்டாரோ என்று.

பிறகு சினியோரா கையை எடுத்து, பையின் பொத்தானைத் திரும்பவும் பூட்டினார். சுகமானதும் பெர்மெஸ்ஸோப் பத்திரத்தைக் கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். என் கன்னத்தைத் தட்டினார். கை சில்லென்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் தெருவுக்குப் போகுமுன்பே கீழ்வீட்டு மாமியும் இன்னும் இரண்டு பேரும் படியில் வந்து நின்றார்கள்.

"என்னடி பிள்ளை, அந்த மனிசி ஏன் அழுதுகொண்டு போகுது? கொம்மாவை ஏசிப்போட்டுதோ?"

"இல்லை மாமி" என்றேன், எல்லாம் விளங்கிய பெரிய மனுசி மாதிரி. "மனுசன்ரை பொக்கற்றுக்கை ஏதும் காசு கிடக்குதோ எண்டு கனநேரம் தேடிப் பாத்தவ. ஒண்டும் இல்லை. பாவம், அதுதான் அழுறா."