போன் போட்ட சாயம்

எங்கள் சாயப்பட்டறை லேப்பில் நான் போட்டிருக்கும் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: போனில் ஷேடு பார்க்கக் கூடாது. பனியன் கம்பெனிக்காரர்கள் துணியை எடுத்துக்கொண்டு வரச் சோம்பல்பட்டு, போட்டோ எடுத்து அனுப்பி, "மேடம், கலர் மேட்ச் ஆகுதுங்களா?" என்று கேட்பார்கள். சாம்பாரைப் போட்டோ எடுத்து அனுப்பி உப்பு போதுமா என்று கேட்கிற கூட்டம். நேரில் வாருங்கள் என்பேன். பாஸ் ஆன பழைய துண்டையும் புதிதாகச் சாயம் ஏறிய துண்டையும் ஓரத்தோடு ஓரம் வைத்து, முதலில் விளக்குப் பெட்டிக்குள் பார்ப்பேன், பிறகு வாசல் வெயிலில் பார்ப்பேன். ட்யூப்லைட்டில் அண்ணன் தம்பியாக ஒட்டிக்கொண்டு கிடக்கிற இரண்டு துண்டுகள் வெயிலுக்கு வந்ததும் பங்காளிச் சண்டை போடும். அந்தச் சண்டையைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அதனால் போன் கம்பெனிகள் மேல் எனக்கு இருப்பது தொழில் கோபம். நாங்கள் ஒரு டோன் கூட்டிவிட்டால் லாட் மொத்தமும் திரும்பி வந்துவிடும். அவர்களோ வானத்தை நீலமாக்குகிறார்கள், பிரியாணியைச் சிவப்பாக்குகிறார்கள், கேட்டால் கேமராவுக்கு அறிவு வந்துவிட்டது என்று விலையை ஏற்றுகிறார்கள். பெட்டியிலிருந்து சார்ஜரை உருவிக்கொண்டு, எல்லாம் சுற்றுச்சூழலுக்காக என்றார்கள். சாயப்பட்டறைக்காரியிடமே சுற்றுச்சூழல் கதையா! நொய்யல் ஆற்றைக் கேட்டால் எங்கள் கதையும் நாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் அதைச் சொல்லி விளம்பரம் செய்யவில்லை.

இவ்வளவு வாய் பேசுகிற எங்கள் வீட்டுக்குள்ளேயே அந்தச் சனியன் வந்தது. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாழ்நாள் முழுக்கத் துணியில் விரற்கடை வீணாக்காதவர், போன் கடைக்காரன் பேச்சில் மயங்கி, மூன்று கண் வைத்த போன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என்னை மஞ்சள் சேலையில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

படத்தைப் பார்த்தேன். சேலையின் மஞ்சள் அச்சாக அப்படியே இருந்தது. முகம் மட்டும் இரண்டு டோன் வெளுத்திருந்தது. அம்மை போட்ட தழும்புகளையும் சலவை செய்திருந்தது. யாரும் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை, கடையிலிருந்தே அந்த உத்தரவோடு வந்திருக்கிறது. லேப்பாக இருந்தால் இப்படி டோன் மாறிய துணியைக் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டேன். இது என் முகம். அழகாக இருந்தது. "அனுப்புங்கப்பா" என்றேன்.

தாராபுரத்திலிருந்து பதிலும் மாப்பிள்ளையின் போட்டோவும் வந்தன. மாப்பிள்ளைக்கு மோட்டார் பம்பு ரிப்பேர் கடை. இரண்டு முறை போனில் பேசினோம். இரண்டாவது முறை, "சாயத்துல எந்தக் கலருங்க ரொம்பத் தொல்லை?" என்று கேட்டார். "வெள்ளைங்க. ஊரெல்லாம் ஒரே வெள்ளைன்னு நெனைக்கும், எங்களுக்கு அதுல ஏகப்பட்ட வெள்ளை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அது எப்படி என்று விடாமல் கேட்டார். அதற்கு முன்னால் வந்த வரன்கள் எல்லாம் எவ்வளவு சம்பளம், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவாளா என்றுதான் கேட்டிருந்தார்கள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது, ரொம்பவே பிடித்துவிட்டது.

பெண் பார்க்க மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, அவருடைய அத்தை என்று நான்கு பேர் வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு வந்து நின்றதும் அத்தை பையிலிருந்து போனை எடுத்தார். என் போட்டோவைத் திறந்து, என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தினமும் துணிக்குச் செய்கிற அதே வேலை.

"ஏனுங்க, போட்டோல வேற மாதிரி இருந்துச்சுங்களே?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா, "அது வந்துங்க, இந்தப் போனு..." என்று இழுத்தார்.

எனக்குள் இருந்த லேப்காரி முந்திக்கொண்டாள். "ட்யூப்லைட்ல ஷேடு பாக்கக் கூடாதுங்க. வெளிய வாங்க" என்று தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தேன். வேறு வழியில்லாமல் எல்லோரும் பின்னால் வந்தார்கள். உச்சி வெயிலில் நின்று, "இப்பப் பாருங்க. பாஸுங்களா, ரிஜெக்டுங்களா?" என்றேன். அம்மா தலையில் கை வைத்தாள். மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தைரியம் வந்து, அவரைக் காட்டி, "அவங்களையும் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. அவங்க போட்டோவும் ரெண்டு டோன் கம்மிதானுங்க" என்றேன். அது உண்மை, பொல்லாத உண்மை. அத்தை திரும்பி முறைத்ததும் அவர் சிரிப்பை விழுங்கிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"ஊட்டுக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க" என்றார் அத்தை. அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். பஜ்ஜித் தட்டு மட்டும் காலியாக இருந்தது.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் அப்பா ஆரம்பித்தார். போனைச் செய்தவன், விற்றவன், விளம்பரத்தில் ஆடியவன், ஒருவனையும் விடவில்லை. "இந்தக் கம்பெனிக்காரன் மேல கேஸு போடோணும். என்ற பொண்ணு மூஞ்சிய மாத்தறதுக்கு இவன் யாரு?" என்றார். எனக்காக ஒருவர் அவ்வளவு கோபப்படுவதைக் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் குற்றத்தில் பாதி என்னுடையது, அதை அவரிடம் மறைக்க முடியவில்லை.

"போனைத் திட்டாதீங்கப்பா. மூஞ்சி வெளுத்திருந்தது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. பாத்துட்டுத்தான் அனுப்பச் சொன்னேன்."

அப்பா அடங்கினார். வேட்டி நுனியால் போன் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் மெதுவாக, "எனக்குந் தெரியும் சாமி" என்றார். "இது நல்லா இருக்குதேன்னு விட்டுட்டேன்."

அத்தை சொன்னதை அன்று சாயங்காலமே மறந்துவிட்டேன். மாப்பிள்ளையை மறக்கச் சில மாதங்கள் ஆயின. அப்பா சொன்ன இது மட்டும் இன்னும் போகவில்லை. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு முகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்த ஒருவனுக்கு என்னைத் தெரியாது, மன்னித்துவிடலாம். பிறந்த நாள் முதலாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கும் அவன் செய்த முகம்தான் நன்றாக இருந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் அம்மாவும் தம்பியும் சிவப்பு.

"எனக்கு உங்க கலருதானுங்கப்பா" என்றேன்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் முன்கையைத் தானே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.