சம்பந்தி கொண்டுவந்த பூமூட்டை

என் மருமகள் வீடு நிறையப் பூ வைத்திருந்த ஒரு நாளில், விருந்தாளிகளின் எதிரே, "என்னம்மா இது, பாடை கட்டற ஊடு மாதிரி" என்று சொன்னேன். அந்தப் பூவைக் கொண்டுவந்த அவள் அப்பா அப்போது சமையற்கட்டில் இருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது.

ஏதோ கோபத்தில் வந்துவிட்ட சொல் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே சொன்னேன்.

சமவெளியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றபின், மலைமேல் திண்ணனூர் நாட்டில் இருக்கும் எங்கள் மிளகுத் தோட்டத்துக்கே திரும்பி வந்து ஒரு வீடு கட்டினேன். கூடத்தில் வெள்ளைச் சுவர், ஒரு மர பெஞ்சு, ஒரு மண்சாடி. சாடியில் ஒற்றைப் பூ. காப்பி பூக்கும் நாளில் ஒரு கிளை. பூ அதிகமானால் அழகு குறையும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பேன்.

மருமகள் மலையடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். புளியஞ்சோலைப் பக்கம் அவள் அப்பாவுக்குப் பூத்தோட்டம். மகனும் அவளும் படிக்கும்போது பழகி விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். மலைக்காரன் வீட்டில் பெண் கொடுப்பதா என்று அவள் சொந்தங்கள் விலகிவிட்டன. தாய் இல்லாத அவளைப் பார்க்க மலையேறி வந்தவர் அப்பா ஒருவர்தான்.

அன்று அவர் முதல் பறிப்புப் பூவை மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருந்தார். ஜன்னல் கம்பியெல்லாம் செண்டுமல்லிச் சரம், நிலைப்படியில் சம்பங்கி, பெஞ்சின்மேல் கோழிக்கொண்டைப் பூக் குவியல். என் மண்சாடியிலும் கழுத்துவரை திணித்திருந்தாள். நானோ, என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரை ரோட்டிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். வழியெல்லாம் என் ஒற்றைப் பூவின் பெருமைதான் பேசினேன். கதவைத் திறந்ததும் இந்தக் காட்சி. எனக்கு வெட்கமாகிவிட்டது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். நண்பர்களில் ஒருவர் சிரித்தார்.

சம்பந்தி சமையற்கட்டில் மகளுக்கு மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"வாரேனுங்க சம்பந்தி. பஸ்ஸு போயிருமுங்க."

"அப்பா, சாப்புட்டுப் போங்கப்பா" என்றாள் மகள்.

"இன்னொரு நாளைக்குக் கண்ணு."

ஒரு வருடமாக அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

அவள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் குப்பைக்குழியில் கொட்டினாள். மறுநாளிலிருந்து மண்சாடியில் தினமும் ஒரே ஒரு பூ வைத்தாள். நான் கேட்டதைத்தான் செய்தாள். அந்தப் பக்கம் பார்ப்பதையே நான் தவிர்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் பலாமரத்தடியில் நின்று போனில் அப்பாவிடம் அவள் பேசியது காதில் விழுந்தது. "அவரு கெடக்கறாருப்பா, உடுங்க. நீங்களும் வர்லீன்னா நான் யாரப்பா பாக்கறது?"

மறுநாள் கிளம்பினேன். அவர் தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் பஸ்ஸில் போனால் நாமக்கல், துறையூர் என்று ஊரெல்லாம் சுற்ற வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இத்தன தூரம்? ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

"அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க."

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "எந் தோட்டத்துப் பூவு பாடைக்கும் போறதுதானுங்க. அதுக்கு ஏங் கோவப்படறேன்? எம் புள்ள மொகம் போன போக்கத்தான் பாக்க முடியலீங்க. அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தவனுக்கு, ஒரே வீட்டில் இருப்பவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மோர் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அன்று இரவே மகனை வைத்துக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க மாமா" என்றாள், பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் சொல்வதுபோல. பிறகு போகத் திரும்பியவள் நின்றாள்.

"சிரிச்சாருல்லீங்க, அந்த சாரு. அவருகிட்டச் சொல்லுவீங்களா?"

உடனே நண்பருக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். "போன வருஷம் நீங்க வந்தப்ப வீடெல்லாம் பூ இருந்துச்சே. நான் பாடைன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

"பூவா? எனக்கு நெனப்பில்லையே. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு போட்டாங்களே, அது அருமை."

"நான் சொன்னது தப்பு. மருமக பக்கத்துலதான் நிக்கிறா."

"ஐயய்யோ, நானா சிரிச்சேன்? மன்னிச்சுரும்மா."

போனை வைத்ததும் அவள் சிரித்துவிட்டாள். "நான் ஒரு வருசமா வெந்து சாகறேன், அவருக்குக் கெழங்குதான் நெனப்பாமா!" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே சமையற்கட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் சம்பந்தி மூட்டையோடு வந்தார். மருமகள் அதைத் தன் அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலைச் சுற்றியும் கண்ணாடியைச் சுற்றியும் அலங்கரித்தாள். "ஹால் உங்களுக்குங்க மாமா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

உண்மையைச் சொன்னால், இப்போதும் என் கண்ணுக்கு ஒற்றைப் பூதான் பிடிக்கிறது. இந்த வயதில் கண் மாறாது. ஆனால் இந்த வீட்டில் இருப்பது என் கண் மட்டும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அவள் அறை வாசலில் போய் நின்றேன். "கண்ணு, ஹாலுக்கும் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"கொண்டாந்தவரக் கேளுங்க."

சம்பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் சோறு. எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவள் அறையில் இருந்த மூட்டையை இடது கையால் காட்டினார். அவர் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

சரத்தை ஜன்னல் கம்பியில் கட்டப் பார்த்தேன். ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் தொங்கிப் போயிற்று.

"அட சாமி, எருமைக்குக் கவுறு கட்டற மாதிரி இருக்குதுங்க மாமா" என்று சொல்லி அவிழ்த்துவிட்டு அவளே கட்டினாள். நான் நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.